எழுத்துக்கு ஒரு முகம்

சிரிப்பு மனித குலத்திற்கு வாய்த்த தனிப்பெருஞ் செல்வம் என்பர். உள்ளத்தில் எழும் உணர்ச்சி மெய்யின்கண் புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு அழைத்தனர் பண்டைத் தமிழர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் நகையை முதற்கண் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகை பிறக்கும் நிலைக்களங்கள் என்றும் அவர் காட்டினார். அழுகையும் அச்சமும் வெகுளியும் நிறைந்த இவ்வுலகில், நகைக்கு முதலிடம் தந்த அப்புலவரின் நெஞ்சம் பெரிது.

மெய்ப்பாடு என்னும் பெயரிலேயே ஓர் உண்மை பொதிந்துள்ளது. நகைச்சுவை சொல்லில் மட்டும் வாழ்வதன்று; கண்ணிலும் இதழிலும் குரலிலும் வாழ்வது. ஊர்த் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர், “நம் கண்மாயில் முதலை புகுந்துவிட்டது” என்று கூறுகிறார். கேட்டவர்கள் அஞ்சி ஓடுவதில்லை. அவர் கண்ணோரத்துச் சுருக்கமும், மீசைக்குக் கீழ் அடங்காமல் நிற்கும் முறுவலும், அது விளையாட்டு என்பதை முன்னரே சொல்லிவிடுகின்றன. தெருக்கூத்தில் கட்டியங்காரன் மன்னனையே எள்ளி நகையாடுகிறான். அவனுடைய கோலமும் குரலும் அச்சொல்லின் நஞ்சை நீக்கிவிடுகின்றன. இவ்வாறு, பேசுவோன் முகம் அவன் சொல்லுக்குக் காவலாக நிற்கிறது.

எழுத்துக்கு அந்தக் காவல் இல்லை. ஓலையிலோ தாளிலோ எழுதப்பட்ட சொல், எழுதியவன் முகத்தை விட்டுப் பிரிந்து தனியே செல்கிறது. ஆயினும் பழங்காலத்தில் கடிதம் எழுதுவோர் நின்று, நினைந்து, அடித்துத் திருத்தி எழுதினர். அக்கடிதம் ஊர் சென்று சேரப் பல நாள் ஆயிற்று. இக்காலத்து இணையத்திலோ எழுத்தானது பேச்சின் விரைவைப் பெற்றுவிட்டது. ஆனால் பேச்சின் முகத்தைப் பெறவில்லை. நாவினின்று தெறிக்கும் சொல்லைப் போல விரலினின்று தெறிக்கும் எழுத்து, நொடிப்பொழுதில் கடல் கடந்து, முன்பின் அறியாதார் கையில் போய் விழுகிறது. அது விளையாட்டா, வினையா என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

இவ்விடர்ப்பாட்டை முதலில் உணர்ந்தவர்களுள் சிலர் அமெரிக்க நாட்டுப் பிட்ஸ்பர்க் நகரில் இருந்தனர். அந்நகரிலுள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், 1982-ஆம் ஆண்டிலேயே ஆசிரியரும் மாணவரும் கணினி வழியே செய்தி எழுதிப் பரிமாறிக்கொள்ளும் மின்னணு அறிவிப்புப் பலகை ஒன்று இயங்கிவந்தது. அதில் ஒரு நாள் வேடிக்கையான இயற்பியல் வினா ஒன்று எழுந்தது. கயிறு அறுந்து வீழும் மின்தூக்கிக்குள் ஒரு புறா, ஓர் எரியும் மெழுகுவத்தி, ஒரு துளிப் பாதரசம் ஆகியவை இருந்தால் அவற்றின் கதி யாது என்பதைப் பற்றி அறிஞர் பலர் விளையாட்டாக வாதிட்டனர். அப்போது ஒருவர், பாதரசச் சோதனையினால் மின்தூக்கி ஒன்று நஞ்சுபட்டுவிட்டது என்றும், சிறிது தீச்சேதமும் நேர்ந்துள்ளது என்றும் ஓர் எச்சரிக்கை எழுதி வைத்தார். முன்னைய பேச்சை அறிந்தவர்கள் நகைத்தனர். அதனை அறியாது புதிதாக வந்து படித்தவர்களோ மெய்யென்று மயங்கினர்.

நகையாட்டு இங்ஙனம் அச்சமாக மாறியதைக் கண்டு, விளையாட்டாக எழுதப்படும் செய்திக்குத் தனி அடையாளம் ஒன்று வேண்டும் என்று பலரும் கருதினர். ஒருவர் விண்மீன் குறியை இடலாம் என்றார்; மற்றொருவர் விழுக்காட்டுக் குறியே பொருத்தம் என்றார். அப்பல்கலைக்கழகத்தின் கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன் என்பவர், 1982 செப்டம்பர் 19-ஆம் நாள், மிக எளிய வழி ஒன்றைக் கூறினார். முக்காற்புள்ளி ஒன்று, சிறுகோடு ஒன்று, அடைப்புக்குறியின் வளைவு ஒன்று, இவற்றை அடுத்தடுத்து எழுதுக. பின்பு தலையை இடப்புறம் சாய்த்து நோக்குக. இரு கண்ணும் மூக்கும் சிரிக்கும் வாயும் தோன்றும் என்றார். :-) என்னும் அம்முகமே எழுத்துலகில் நகைக்கு இடப்பட்ட அடையாளம். அவர் அத்துடன் நிற்கவில்லை. இப்போதைய நிலையில் விளையாட்டல்லாத செய்திகளே குறைவாதலின், அவற்றுக்கு அடையாளம் இடுவதே சிக்கனம் என்று கேலியாகக் கூறி, வாய் கவிழ்ந்த மற்றொரு முகத்தையும் வரைந்து காட்டினார்.

சில வரிகளே கொண்ட அச்செய்தி அவர் பல்கலைக்கழகத்தினின்று பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. எழுதியவரே அதனைப் பெரிதாக எண்ணவில்லை. படி எடுத்து வைக்கவும் இல்லை. இருபது ஆண்டுகள் சென்றபின், 2002-ஆம் ஆண்டில், பழைய காந்த நாடாக்களை அரிதின் முயன்று ஆராய்ந்து அச்செய்தியை மீட்டெடுத்தனர். பேரரசர் பொறித்த கல்வெட்டைத் தேடுவது போல, சிரிக்கும் முகம் ஒன்றின் மூலத்தை அறிஞர்கள் தேடினார்கள் என்றால், அதன் இன்றியமையாமை சொல்லாமலே விளங்கும்.

இம்முயற்சி பின்னர் ஜப்பான் நாட்டில் வேறொரு வடிவம் பெற்றது. 1999-ஆம் ஆண்டில் ஷிகெதாகா குரிதா என்பவர், கைப்பேசி நிறுவனம் ஒன்றுக்காக 176 சிறு படங்களை வகுத்தார். ஒவ்வொரு படமும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட சிறு கட்டத்துள் அடங்கியது. ஜப்பானிய மொழியில் ‘எ’ என்பது படம். ‘மோஜி’ என்பது எழுத்து. இரண்டும் கூடி எமோஜி என வழங்கலாயின. 2010-ஆம் ஆண்டில் உலகக் கணினிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி முறையில் இப்படங்கள் பல இடம் பெற்றன. 2015-ஆம் ஆண்டில், ஆக்ஸ்ஃபர்டு அகராதியார் அவ்வாண்டின் சொல்லாக எச்சொல்லையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனந்தக் கண்ணீர் வடியச் சிரிக்கும் முகம் ஒன்றையே தேர்ந்தெடுத்தனர். மறு ஆண்டு, குரிதா வகுத்த படங்கள் நியூயார்க் நகரத்து நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இடம் பெற்றன.

எழுத்துக்கு முகம் கிடைத்துவிட்டது. இனி மயக்கம் இல்லை என்று எண்ணத் தோன்றும். ஆயினும், தீட்டிய முகம் பிறந்த முகம் ஆகுமோ? இதனை விளக்க ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுதல் போதும்.

திருநெல்வேலிக்கு அருகே ஒரு சிற்றூரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்துவந்தார். சென்னையிலிருந்த மகன் அவருக்கு ஒரு கைப்பேசி வாங்கித் தந்து, உறவினர் பலர் கூடிய வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்துவிட்டான். பெரியவர் நாள்தோறும் காலையில் குறள் ஒன்றை எழுதி அனுப்புவார். ஒரு நாள் விடியற்காலையில் துயரச் செய்தி ஒன்று வந்தது. கோயம்புத்தூரில் வாழ்ந்துவந்த அவருடைய அத்தை மகன் காலமாகிவிட்டார். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்; ஒரே ஆற்றில் நீந்தியவர்கள். பெரியவர் கண் கலங்கினார். நடுங்கும் விரலால் இரங்கல் எழுதி, அதன் கீழ்க் கண்ணீர் சிந்தும் முகம் என்று தாம் கருதிய படம் மூன்றையும் சேர்த்து அனுப்பினார்.

சிறிது நேரத்தில், சென்னையில் கல்லூரியில் பயின்ற பேத்தியிடமிருந்து அழைப்பு வந்தது.

“தாத்தா, நீங்கள் அனுப்பிய செய்தியை உடனே நீக்கிவிடுங்கள்.”

“ஏன் அம்மா? பிழை ஏதேனும் உள்ளதா?”

“எழுத்தில் பிழை இல்லை தாத்தா. கீழே உள்ள படம் அழுகிற முகம் அன்று. விழுந்து விழுந்து சிரித்துக் கண்ணில் நீர் வருகிற முகம்.”

பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மீண்டும் நோக்கினார். “கண்ணில் நீர் வழிகிறதே அம்மா! இதை அழுகை என்று கொள்ளாமல் வேறு எப்படிக் கொள்வேன்?” என்றார். அதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

செய்தியை நீக்குவதற்குள் பலர் அதனைப் பார்த்துவிட்டனர். உறவில் இளையவர் ஒருவர் அப்பக்கத்தைப் படமாக எடுத்து, நகைப்புரை ஒன்றையும் சேர்த்து, தம் நண்பர் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து அது வேறு குழுக்களுக்கும் சென்றது. அதனைப் படித்துச் சிரித்தவர்களுக்கு, அப்பெரியவர் பள்ளித் தோழனை இழந்தவர் என்பது தெரியாது. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவர் என்பதும் தெரியாது. அவர்களுக்கு அவர் பேதைமையால் நகைப்புக்கு இடமான ஒருவர், அவ்வளவே. பெரியவரோ இரண்டு நாள் கைப்பேசியைத் தொடவில்லை. காலைக் குறளும் நின்றது.

மூன்றாம் நாள், இறந்தவரின் மகனே அவரை அழைத்தான். பெரியவர் தழுதழுத்த குரலில் மன்னிப்பு வேண்டினார். மகன் இடைமறித்து, “மாமா, நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஆனால் அதைப் பார்க்கும்போது உங்கள் முகந்தான் என் கண் முன் வந்தது. அப்பாவுக்காக நீங்கள் அழுதிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா?” என்றான்.

இச்சிறு நிகழ்ச்சியில் பேருண்மை ஒன்று விளங்குகிறது. ஒரே செய்தியை இருவர் கண்டனர். அன்பினால் அவரை அறிந்தவன், எழுத்தில் இல்லாத முகத்தைத் தன் நெஞ்சிலிருந்தே எடுத்துப் பொருத்திக்கொண்டான். அறியாதவர்களுக்கோ மஞ்சள் நிறத்துச் சிறு வட்டம் ஒன்றே அவர் முகமாகிவிட்டது. ஆகவே, நகைச்சுவைக்கு உண்மையான அடையாளம் குறியில் இல்லை. பேசுவோருக்கும் கேட்போருக்கும் இடையே உள்ள அறிமுகத்தில் இருக்கிறது.

அறிமுகம் உள்ள கூட்டத்தில் நகை எத்துணைப் பெரிய இன்பமாக மலரும் என்பதற்கும் தமிழர் வாழ்விலேயே சான்று உண்டு. 2019-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கட்டடப் பொறியியல் பற்றிய ஃபேஸ்புக் பக்கம் ஒன்றில் சுத்தியலின் படத்தை வெளியிட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் யாது என்று கேட்டிருந்தனர். தமிழர் ஒருவர் அதன் பெயரைக் கூறியதுடன் நில்லாமல், இக்கருவியால்தான் பெயிண்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் மண்டை உடைந்தது என்றும் எழுதிவைத்தார். நேசமணி என்பார் 2001-இல் வெளிவந்த ‘ஃபிரண்ட்ஸ்’ என்னும் திரைப்படத்தில் வடிவேலு ஏற்று நடித்த பாத்திரம். மேலிருந்து நழுவிய சுத்தியல் அவர் தலையில் விழும் காட்சி, தமிழர் பலர் கண்டு கண்டு நகைத்த ஒன்று. ஆதலின், அவ்விடையைக் கண்ட தமிழர் ஒவ்வொருவரும் அந்நாடகத்தில் தாமும் ஒரு வேடம் ஏற்றனர். ஒருவர் நேசமணியின் உடல்நிலை குறித்து மருத்துவ அறிக்கை எழுதினார். ஒருவர் அவர் நலம் பெற வேண்டிக்கொண்டார். மற்றொருவர் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும் என்று முழங்கினார். நேசமணிக்காக வேண்டுங்கள் என்னும் தொடர் டுவிட்டர் தளத்தில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. வேற்று மாநிலத்தாரும் வெளிநாட்டினரும், யார் இந்த நேசமணி, இப்போது நலமா என்று மெய்யாகவே கவலையுடன் வினவத் தொடங்கினர்.

பிட்ஸ்பர்க் நகரத்து மின்தூக்கிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. உட்கதை அறிந்தார் நகைத்தனர், அறியாதார் மயங்கினர். ஆயினும் இந்நகையால் எவர் நெஞ்சமும் புண்படவில்லை. அடிபட்டவர் திரையில் வாழும் ஒரு கற்பனை மாந்தர். உண்மையறிந்தபின் மயங்கியவர்களும் உடன் சேர்ந்து சிரித்தனர். பின்னர் உடன் சேர்ந்து சிரிக்கக்கூடிய மயக்கம் தீங்கற்றது; தூய நகைக்கு அதுவே உரைகல்.

மயக்கம் தீங்காக முடிந்த வரலாறும் உண்டு. 2010-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்கிலாந்து நாட்டில் கடும் பனி பெய்தது. டான்காஸ்டர் நகருக்கு அருகே இருந்த விமான நிலையம் மூடப்பட்டது. விரைவில் அவ்வழியே பயணம் செய்ய இருந்த இளைஞர் ஒருவர் சலிப்புற்று, ஒரு வாரத்துக்குள் நிலையத்தைத் திறக்காவிடில் அதனை வெடிவைத்துத் தகர்த்துவிடுவேன் என்று தம் டுவிட்டர் பக்கத்தில் எழுதினார். நண்பர்கள் நடுவே சொல்லியிருந்தால் நகைத்து மறந்திருப்பர். எழுத்திலோ அது மிரட்டலாகத் தோன்றியது. காவலர் அவரைக் கைது செய்தனர். நீதிமன்றம் அவருக்கு 385 பவுன் தண்டம் விதித்தது. அவர் தம் வேலையையும் இழந்தார். 2012-ஆம் ஆண்டு சூலைத் திங்களில்தான், படிப்போருக்கு அச்சம் விளைக்காத அச்சொல் மிரட்டல் ஆகாது என்று கூறி உயர்நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. ஒரு வரி நகையாட்டின் விலை இரண்டரை ஆண்டு அலைச்சல்!

எள்ளலின் தீமை இதனினும் கொடியது. 2003-ஆம் ஆண்டில், கனடா நாட்டுப் பள்ளி மாணவன் ஒருவன் தனிமையில் கோல் ஒன்றை வாளெனச் சுழற்றி விளையாடிய காணொளி, அவன் ஒப்புதல் இன்றி உடன் பயின்றோரால் இணையத்தில் பரப்பப்பட்டது. கோடிக்கணக்கானோர் கண்டு நகைத்தனர். வீரனைப் போல் விளையாடுவது சிறுவர் இயல்பு. தொல்காப்பியர் கூறிய இளமை அது. அவ்விளமையை உலகம் எள்ளலாக மாற்றியது. ஏளனம் பொறாத அம்மாணவன் அப்பள்ளியை விட்டே விலக நேர்ந்தது. தொல்காப்பியத்துக்கு உரை வகுத்த பேராசிரியர், எள்ளல் என்பது தான் பிறரை எள்ளுதலும், பிறரால் தான் எள்ளப்படுதலும் என இருவகைப்படும் என்றார். இணையத்தில் எள்ளுவோர் முதல் வகையை மட்டுமே அறிவர். இரண்டாம் வகையில் நிற்பவன் எங்கோ ஓர் அறையில் தனித்து இருக்கிறான். அவன் முகம் அவர்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஊர்ச் சந்தியில் எழுந்த சிரிப்பு மாலைக்குள் ஓய்ந்துவிடும். இணையத்தில் எழுந்த சிரிப்போ ஆண்டு பல சென்றும் ஒரு விரல் தொட்டால் மீண்டும் எழும்.

இவற்றால், இணையத்தில் நகைச்சுவையே கூடாது என்று முடிவு செய்தல் பேதைமை. கேலிப்படங்களும் மீம்களும் வெடிச்சொற்களும் வேலைக் களைப்பை நீக்குகின்றன. பிரிந்து வாழும் உறவினரைச் சேர்க்கின்றன. வலியாரின் செருக்கையும் அச்சமின்றிச் சுட்டுகின்றன. வேண்டுவது அவற்றை விலக்குவதன்று, முகத்தை மறவாமை. விரலால் ஒரு செய்தியை அனுப்புமுன், இதனைப் பெறுவோர் இதன் உட்கதை அறிவரோ என்று எண்ணுதல் வேண்டும். இதில் நகைப்புக்கு இடமாவோர், இதனைக் கண்டால் உடன் சேர்ந்து சிரிப்பாரோ என்றும் எண்ணுதல் வேண்டும். பிறர் எழுத்து விந்தையாகத் தோன்றும்போது, எழுதியவர் முகம் எத்தகையது என்று ஒரு கணம் நினைத்தலும் வேண்டும்.

திருநெல்வேலிப் பேத்தி அதனையே செய்தாள். தாத்தாவின் செய்தியைப் பரப்பிய உறவினரை அழைத்து, நடந்ததைக் கூறினாள். அவர் நாணி, அப்படத்தைத் தம் குழுவினின்று நீக்கினார். பிறருக்குச் சென்றதை அவராலும் மீட்க இயலவில்லை. ஆயினும் அன்று மாலையே பெரியவருக்குப் பேசி மன்னிப்புக் கேட்டார். “சிரிப்பதில் தவறில்லை, தம்பி. என்னோடு சேர்ந்து சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்” என்றார் பெரியவர்.

மறுநாள் விடியற்காலையில் குழுவில் மீண்டும் குறள் வந்தது. அதன் கீழே படம் ஏதும் இல்லை. ‘இதனைச் சிரித்த முகத்துடன் எழுதுகிறேன்’ என்னும் ஒரு வரி மட்டும் இருந்தது.